பதினெட்டாவது விதியும் சில வாத்தியார்களும்

ஃபுட்பால் விதிப்புத்தகத்தில் மொத்தம் 17 விதிகள். மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து கார்னர் கிக்கில் முடிகிறது. நடுவர்கள் தங்களுக்குள் பதினெட்டாவது விதி என்று ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள். அது எந்தப் பதிப்பிலும் அச்சாகவில்லை. காமன் சென்ஸ்தான் அந்தப் பதினெட்டாவது விதி.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாவலூரில் எங்கள் அப்பார்ட்மெண்ட் குழந்தைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்கள். பந்து போகும் இடத்துக்கெல்லாம் பத்துப் பேரும் தேனீக்கூட்டம் மாதிரி போவார்கள், கோல்கீப்பர்கள் உட்பட. எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். எதை எடுத்தாலும் இதற்கு ஒரு ஸ்பெக் இருக்குமே என்று தேடுகிற புத்தி. குழந்தைகள் ஆட்டத்துக்கு எப்படி நடுவராக இருப்பது என்று தேடப் போய், நடுவர் என்கிற ஆள் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். தேடிய பாதையில் எதிர்ப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள். அது தற்செயல் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நடுவர் இல்லாத காலம்

1863 அக்டோபரில் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில கிளப்புகள் கூடி ஃபுட்பால் அசோசியேஷனை ஆரம்பித்தன. அந்த வருடமே விதிகளையும் எழுதினார்கள். நாம் இன்று பார்க்கிற ஃபுட்பாலின் வேர் அதுதான். அந்த விதிகளில் நடுவர் என்ற சொல்லே கிடையாது. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1862இல், ஜே. சி. த்ரிங் என்பவர் பத்தே பத்து விதிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மிக எளிய ஆட்டம்'. பந்தைத்தான் உதைக்கலாம், ஆளை உதைக்கக் கூடாது, காலைத் தட்டிவிடக் கூடாது என்கிற ரீதியில் போகும். த்ரிங் அப்பிங்கம் பள்ளியில் ஆசிரியர். பையன்கள் அடிபட்டுக்கொள்ளாமல் ஆட வேண்டும் என்ற கவலை அந்தப் பட்டியலில் அப்படியே தெரிகிறது. ஃபுட்பால் விதிகளின் ஆரம்பத்திலேயே ஒரு வாத்தியார் நிற்கிறார், கவனியுங்கள்.

பிறகு போட்டிகள் பெரிதாகின. கேப்டன்கள் பேசித் தீர்ப்பது நடக்கவில்லை. ஆளுக்கொரு அம்பயர் வைத்துக்கொண்டார்கள், அணிக்கு ஒருவர். இரண்டு அம்பயர்களுக்கும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்கு மூன்றாவதாக ஒரு ஆள். அவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஆங்கிலத்தில் ரெஃபர் செய்வது என்றால் ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்பது. அப்படிக் கேட்கப்படுகிறவர்தான் ரெஃப்ரி. கிரிக்கெட்டில் பௌலர் திரும்பிக் கத்துகிறாரே, அதைப்போல வீரர்கள் முறையிட்டால்தான் தீர்ப்பு.

1891இல்தான் ரெஃப்ரி மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் இருவரும் கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன்கள் ஆனார்கள். பெனால்டி கிக்கும் அதே ஆண்டில் வந்ததுதான். யாரும் முறையிடாமலே விசில் ஊதும் அதிகாரம் அடுத்த சில வருடங்களில் சேர்ந்தது.

ஆக, நடுவர் என்பவர் ஆட்டத்தோடு பிறந்தவர் இல்லை. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க முடியாமல் போன பிறகு கொண்டுவரப்பட்டவர். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் ஆட்டம், அப்புறம் பேச்சு, அதுவும் சரிப்படாதபோதுதான் விசில்.

நம்ம தெரு விதிகள்

இதைப் படித்தபோது பழகின இடம் மாதிரி இருந்தது. எண்பதுகளில், தொண்ணூறுகளில் தெருவில் வளர்ந்த யாருக்கும் 1863 லண்டன் புதிதாக இருக்காது. சுவரைத் தாண்டினால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் உண்டு, பந்து சாக்கடையில் விழுந்தால் அடித்தவன்தான் எடுக்கணும். இதையெல்லாம் எழுதி வைத்தவர் யார்? ஒருவரும் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் வேறு விதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன் பத்து நிமிடம் அதைத்தான் பேசுவோம்.

தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சிக்காகவே நாம் அறிந்த பாவாணர், கோலியும் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் ஆடுகிற முறைகளை உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார் என்பதே ஒரு சந்தோஷம். நம்மிடம் அணி பிரிப்பதற்கே 'உத்தி' என்று ஒரு முறை உண்டு. கிட்டத்தட்ட சமமாக ஆடக்கூடிய இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் சூரியன், இன்னொருவன் சந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவன் ஒரு பெயரைக் கேட்பான். அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். நல்ல ஆட்டக்காரன் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் இருக்க இதைவிடச் சுலபமான அல்காரிதம் கிடையாது. ஜோடி சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகளே.

இன்னொன்று 'உப்புக்குச் சப்பாணி'. சொல் இன்றைக்கு உறுத்துகிறது. உடல் குறையைச் சுட்டும் சொல் என்பதால் குழந்தைகளிடம் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். அக்காவோடு வந்த நாலு வயதுத் தம்பியை விரட்ட முடியாது, சமமாகவும் சேர்க்க முடியாது. அதனால் அவன் ஆடுவான், ஓடுவான், பிடிபட்டால் மட்டும் அவுட் கிடையாது. பெரியவர் யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை இது. ஆட்டமும் கெடக் கூடாது, சின்னவனும் அழக் கூடாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்த சலுகை. ஏமாற்றி ஆடுகிறவனுக்கும் பெயர் இருந்தது, அழுகுணி ஆட்டம். ரெட் கார்டுக்குச் சமமான தண்டனை அது. நாளைக்கு உன்னைச் சேர்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

கோலிகுண்டும் ஒரு புத்தகமும்

எந்த வயதில் குழந்தைக்கு விதி என்பது புரியும்? ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் இதற்குக் கோலிகுண்டைத்தான் எடுத்துக்கொண்டார். பையன்களோடு உட்கார்ந்து கோலி ஆடி, 'எனக்கு விதி தெரியாது, சொல்லிக்கொடு' என்று கேட்டு, அவர்கள் சொன்னதை வைத்து எழுதினார். குழந்தைகளின் நியாய உணர்வைப் பற்றிய அவருடைய புத்தகம் 1932இல் வந்தது.

அவர் கண்டது சுருக்கமாக இது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சேர்ந்து ஆடுவதுபோலத் தெரியும், உண்மையில் ஆளாளுக்குத் தனி ஆட்டம். எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. விதியை மாற்றலாமா என்று கேட்டால் மட்டும் கூடவே கூடாது என்பார்கள். அது அப்பா சொன்னது, கடவுள் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், தொடவே கூடாது என்று சொல்லும் அந்த விதியை ஆட்டத்தில் அவர்கள் சர்வசாதாரணமாக மீறுவார்கள். பத்துப் பதினொரு வயதில் இது தலைகீழாகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பார்கள், ஒத்துக்கொண்டதைக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

பியாஜே சொன்ன வயதுகளைப் பற்றிப் பிற்பாடு வந்தவர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதுகிறவனுக்கு இது கண்ணால் பார்க்கிற விஷயம். ஆறு வயதுக்காரன் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான் என்றால் அது ஃபவுல் இல்லை, ஆனந்தம். அவனிடம் ஹேண்ட் பால் விதியை விளக்கினால் தலையாட்டுவான், அடுத்த நிமிடம் திரும்பவும் பிடிப்பான். பத்து வயதுப் பெண்ணோ, 'அங்கிள், த்ரோ-இன்ல ஒரு கால் தூக்கிட்டான்' என்று ஓடி வருவாள். இருவரும் ஒரே மைதானத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி விசில் ஊதினால் ஒருவருக்காவது அநியாயம் நடக்கும்.

கம்போடு நின்ற வாத்தியார்கள்

வாத்தியார்கள் எல்லோரும் பொறுமையின் சிகரங்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தியாவிலேயே ஒரு நேர்மாறான கதை இருக்கிறது. ஸ்ரீநகரில் மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய செசில் டிண்டேல்-பிஸ்கோ, 1891இல் பம்பாயிலிருந்து திரும்பும்போது ஒரு தோல் பந்து வாங்கி வந்தார். அதே 1891தான், லண்டனில் ரெஃப்ரி கோட்டுக்குள் காலை வைத்த வருடம். ஸ்ரீநகர் மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பையன்கள். பந்து தோலால் ஆனது என்று தெரிந்ததும் தொட மாட்டோம் என்றார்கள். பிஸ்கோ விடவில்லை. மைதானத்துக்குக் கூட்டிப்போய், கையில் கம்போடு ஆசிரியர்களைச் சுற்றி நிறுத்தி, உதையுங்கள் என்றார். பயந்துபோய் உதைத்தார்கள். ஒரு பையன் முகத்தில் பந்து பட்டது. தீட்டுப்பட்டுவிட்டதே என்று அவன் அழ, கால்வாய்க்குக் கூட்டிப்போய்க் கழுவிக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, ஆட்டத்தைத் தொடரச் செய்தார்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பிஸ்கோதான், தன் சுயசரிதையில். காஷ்மீரில் ஃபுட்பால் வேரூன்றியது உண்மை, அங்கே ஆட்டம் இன்றுவரை உயிரோடு இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பையன்களுக்கு விதி எங்கிருந்து வந்தது? கம்பிலிருந்து வந்தது. பியாஜேயின் ஆறு வயதுக் குழந்தை சொல்லுமே, விதி மேலேயிருந்து வருவது என்று, அந்த இடத்திலேயே அவர்களை நிறுத்தி வைத்த ஆட்டம் அது. விசிலைக் கம்பு மாதிரி பிடிக்கிற பெரியவரை இன்றைக்கும் எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

மூன்று ரெஃப்ரிகள், மூன்று வாத்தியார்கள்

ஸ்டான்லி ரூஸ் வாட்ஃபோர்டு கிராமர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1934இல் எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டத்துக்கு நடுவர். அதே வருடம் ஃபுட்பால் அசோசியேஷனின் செயலாளர் ஆனார், பின்னாளில் ஃபிஃபா தலைவரும் ஆனார். நடுவர் மைதானத்தில் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓட வேண்டும் என்ற முறையைப் பரப்பியவர் அவர். அதைவிட முக்கியமானது, ஒட்டும் வெட்டுமாகக் குவிந்து கிடந்த விதிகளை 1938இல் 17 விதிகளாகத் திருத்தி எழுதினார். லெகஸி கோடை ரீஃபாக்டர் செய்த மாதிரி.

அடுத்தவர் கென் ஆஸ்டன். இவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். 1953இல் லண்டனை ஒட்டிய நியூபரி பார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார். 1962 உலகக் கோப்பையில் சிலி–இத்தாலி ஆட்டத்துக்கு இவர்தான் நடுவர். 'சான்டியாகோ சண்டை' என்றே அந்த ஆட்டத்துக்குப் பெயர். இரண்டு இத்தாலிய வீரர்களை வெளியே அனுப்பினார், போலீஸ் உள்ளே வர வேண்டியிருந்தது. நான்கு வருடம் கழித்து 1966இல், இங்கிலாந்து–அர்ஜென்டினா கால் இறுதி. நடுவர் ஜெர்மன்காரர் ருடால்ஃப் கிரைட்லைன். அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவில்லை, ரத்தீன் நகரவில்லை. அப்போது நடுவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த ஆஸ்டன் இறங்கிப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்ட விஷயம்கூட மறுநாள் பேப்பரில்தான் பெரிதாகத் தெரிந்தது.

அன்று காரில் திரும்பும்போது கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் சிக்னலில் நின்றார் ஆஸ்டன். மஞ்சள், பிறகு சிவப்பு. மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரனுக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து வந்த மனிதருக்கு, பேசிப் புரியாத இடத்தில் கலர் அட்டை தோன்றியதில் ஆச்சரியமில்லை என்று நினைக்கிறேன். ஒன்றாம் வகுப்புச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆஸ்டனின் கதையில் பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். ஃபிஃபா நடுவர் குழுவின் தலைவராக இருந்த அவர், அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் சிறுவர் ஃபுட்பாலுக்காக வேலை செய்தார். 1964இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன் என்ற தன்னார்வ அமைப்பு அது. அங்கே சம்பள நடுவர் கிடையாது, குழந்தைகளின் அப்பா அம்மாக்கள்தான் விசில் ஊத வேண்டும். எல்லோரும் ஆட வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை. ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது பாதி ஆட்டமாவது கிடைத்தாக வேண்டும். அணிகளை வருடாவருடம் சமமாகப் பிரிக்க வேண்டும். நம்ம உத்திதான், கடல் தாண்டி வேறு பெயரில். கலிஃபோர்னியாவுக்கு ஆன்சைட் போன என் நண்பர்கள் சிலர் சனிக்கிழமை காலையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்றது இந்த வழியில்தான். உலகக் கோப்பையின் மிக மோசமான ஆட்டத்தை நடத்திய நடுவர், ஃபுட்பால் தெரியாத பெற்றோருக்கு ஏழு வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தை நடத்தச் சொல்லிக்கொடுத்தார். அதைப் படியிறக்கம் என்று அவர் நினைத்த மாதிரி தெரியவில்லை. 2001இல் காலமானார்.

மூன்றாவது டேவிட் எலரே. ஹாரோ பள்ளியில் புவியியல் ஆசிரியர், 1994 எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டத்தின் நடுவர். 2016இல் விதிப்புத்தகம் பெரிய அளவில் திருத்தி எழுதப்பட்டபோது அந்த வேலையை முன்நின்று நடத்தியவர். 'ஆட்டத்தின் உணர்வு' என்ற சொல் அப்போதுதான் நடுவரைப் பற்றிய ஐந்தாவது விதிக்குள் வெளிப்படையாக ஏறியது. நடுவர் விதிகளின்படியும் ஆட்டத்தின் உணர்வின்படியும் தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது. அதாவது, பதினெட்டாவது விதிக்குப் பின்வாசல் வழியாக இடம் கிடைத்துவிட்டது.

ஏன் வாத்தியார்கள்? என் ஊகம் இது. வகுப்பில் ஒரு பையன் தப்புச் செய்தால், அது தெரியாமல் செய்ததா, வேண்டுமென்று செய்ததா, அசதியில் செய்ததா என்று பிரித்துப் பார்க்கிற வேலையை நாள் முழுக்கச் செய்கிறவர் வாத்தியார். மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் வகுப்பு நடக்காது. நடுவருக்கு வேண்டிய முக்கியத் திறமையும் அதேதான்.

விதிகளே வளைந்து கொடுக்கும்

'ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே சார்' என்று கோட்டோரத்தில் நிற்கும் அப்பாக்கள் சொல்வார்கள். ஆனால் விதிப்புத்தகமே சிறுவர் ஆட்டத்துக்கு மைதான அளவு, பந்தின் அளவும் எடையும், கோல்போஸ்ட், ஆட்ட நேரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. ஏன் என்று எண்களில் பாருங்கள். பெரியவர்களின் கோல்போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஏழு வயதுக் குழந்தை 1.2 மீட்டர் அளவில் இருக்கும். தன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் கம்பி இருந்தால், மேலே போகிற பந்தெல்லாம் கோல். இங்கிலாந்தில் இந்த வயதுக்கு 3.66 மீட்டருக்கு 1.83 மீட்டர் என்று சின்ன கோல் வைக்கிறார்கள், ஐந்துக்கு ஐந்து பேர்தான் ஆடுகிறார்கள். பந்தும் அப்படித்தான். பெரியவர்களின் 5ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம். சின்னவர்களுக்கு 3ஆம் நம்பர்.

ஆஃப்சைடு சின்னவர்கள் ஆட்டத்தில் வேண்டாம். 2015இல் அமெரிக்க ஃபுட்பால் சம்மேளனம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டுவதையே நிறுத்தியது, மூளைக்கு அடிபடும் என்பதால். நார்வேயில் 1987இலிருந்தே குழந்தைகள் விளையாட்டுக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே 11 வயதுக்கு முன் முடிவுகளையும் தரவரிசைப் பட்டியலையும் வெளியிடுவதில்லை. குழந்தைகளுக்கு ஸ்கோர் தெரியும், அது வேறு விஷயம். பெரியவர்கள் அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு.

மணிக் கணக்கு டர்ஃப்

இப்போது நாவலூருக்கு வருவோம். ஓ.எம்.ஆரில் காலியாகக் கிடந்த மனைகளில் கட்டடம் வந்துவிட்டது. தெரு இருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் லாரி போகிறது. குழந்தைகள் ஆட வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் பச்சை டர்ஃப்தான். வாடகை கொடுப்பது பெரியவர்கள். மணி பார்ப்பது பெரியவர்கள். அணி பிரிப்பது, வாட்ஸ்ஆப் குரூப்பில் பட்டியல் போடுவது, தண்ணீர் பாட்டில் கொண்டுவருவது, விசில் ஊதுவது எல்லாமே பெரியவர்கள். ஆட்டத்துக்கு முன்பு பத்து நிமிடம் சண்டை போட்டு விதி பேசினோமே, அந்தப் பத்து நிமிடத்துக்கு இப்போது வாடகை ஓடுகிறது. முதலில் காணாமல் போனது அதுதான்.

இது சின்ன இழப்பு இல்லை. பியாஜேயின் பையன்கள் ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் 'விதி மேலேயிருந்து வருவது' என்பதிலிருந்து 'விதி நாம் ஒத்துக்கொண்டது' என்பதற்கு நகர்ந்தார்கள் என்றால், கோலி ஆடிய அத்தனை மணி நேரமும் சண்டை போட்டுச் சமாதானமானதால் நகர்ந்தார்கள். அந்தச் சண்டையை ஒவ்வொரு முறையும் நான் விசிலால் தீர்த்துவைத்தால் அவர்கள் நகர வேண்டிய அவசியமே இல்லை. பத்து வயதிலும் 'அங்கிள், அங்கிள்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபீஸில் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரு சின்ன விஷயத்துக்கு மேனேஜரிடம் வந்து நிற்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

கோட்டோரச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. போன வருடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் சேம் சைடு கோல் போட்டுவிட்டான். அவன் அணிப் பிள்ளைகள் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரத் தயாராகிவிட்டார்கள். வெளியே நின்ற ஒரு பெரியவர், அவனுடைய அப்பாகூட இல்லை, 'எந்தப் பக்கம் கோல்னே தெரியாதாடா உனக்கு?' என்று கத்தினார். பையன் அதற்கப்புறம் பந்து பக்கமே போகவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் என்ன பெரிதாகக் கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். ஒரு குழந்தை ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.

மெடலினிலிருந்து நாக்பூர்

சேம் சைடு கோல் என்றதும் ஃபுட்பால் தெரிந்தவர்களுக்கு ஆந்த்ரேஸ் எஸ்கோபார் நினைவுக்கு வருவார். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர். ஊர் திரும்பிய சில நாளில், ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அந்த ஊரில் இருந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மன்காரர், அந்தச் சாவின் பாதிப்பில், வன்முறைக்கு நடுவே வளரும் தெருப்பிள்ளைகளுக்காக ஒரு ஃபுட்பால் முயற்சியை ஆரம்பித்தார். அதில் நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு மூன்று பகுதி. முதலில் இரண்டு அணிகளும் உட்கார்ந்து இன்றைய விதி என்ன என்று பேச வேண்டும். பிறகு ஆட்டம், பையன்களும் பெண்களும் கலந்து. கடைசியில் திரும்பவும் உட்கார்ந்து, யார் எவ்வளவு நியாயமாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி கொடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார், அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பேச்சு நின்றுபோனால் எடுத்துக் கொடுப்பார்.

ஃபுட்பால்3 என்ற பெயரில் இந்த முறை பல நாடுகளுக்குப் போனது. இந்தியாவில் அதைக் கையில் எடுத்தவர்களில் நாக்பூரின் ஸ்லம் சாக்கர் முக்கியமானது. அதை ஆரம்பித்த விஜய் பார்சே, ஹிஸ்லாப் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர். 2001இல் மழையில் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் உடைந்த பக்கெட்டை உதைத்து ஆடுவதைப் பார்த்து ஆரம்பித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுபடியும் ஒரு வாத்தியார், பாருங்கள். 1863இன் கேப்டன்கள் கைவிட்ட ஏற்பாட்டை நூற்று முப்பது வருடம் கழித்துத் தெருப்பிள்ளைகளிடம் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் செய்து பார்ப்பது

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இப்போது ஒரு கலவை. யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாடகை மணியில் முதல் ஐந்து நிமிடம் பேச்சுக்கு. அணி பிரிப்பது பிள்ளைகள், உத்தி முறையில். சூரியன் சந்திரனுக்குப் பதிலாக மெஸ்ஸி, எம்பாப்பே. ஆறு வயதுக்காரர்களுக்குக் கையில் பந்து பட்டால் ஒருமுறை மன்னிப்பு உண்டா இல்லையா என்று பெரிய பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள். இதுவரை ஒருமுறைகூட 'இல்லை' என்று வந்ததில்லை.

த்ரோ-இன் தப்பாகப் போட்டால் எதிரணிக்குக் கொடுப்பதில்லை. 'ரெண்டு கையும் தலைக்கு மேல, ரெண்டு காலும் தரையில' என்று சொல்லி அவனையே திரும்பப் போடச் சொல்கிறேன். விசில் ஊதினால் ஏன் ஊதினேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது. யாராவது விழுந்தால் முதலில் குழந்தை, அப்புறம் பந்து. ஷூ லேஸ் அவிழ்ந்தால் ஆட்டத்தை நிறுத்துவது. நாலு கோல் வித்தியாசம் வந்தால் தோற்கும் பக்கம் ஒரு ஆள் கூடுதல். கார்டு கிடையாது. கோபம் தலைக்கேறினால் இரண்டு நிமிடம் என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

ஃபவுலா இல்லையா என்று பெரிய பிள்ளைகள் சண்டை போட்டால் நான் இருபது வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் பதினைந்துக்குள் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஊதுகிறேன். அடிதடி, காயம், கேலி, இந்த மூன்றுக்கு மட்டும் எண்ணுவதில்லை, உடனே ஊதிவிடுவேன். கோட்டோரப் பெரியவர்களுக்கு ஒரே விதி: கை தட்டலாம், யோசனை சொல்லக் கூடாது. சிலருக்கு வருத்தம்தான். பரவாயில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, 'நான் ஊதட்டா அங்கிள்?' என்று கேட்டாள். விசிலைக் கொடுத்துவிட்டேன். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவரானவர் என்றும், 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர்களில் நம்ம ஊர் கோமளீஸ்வரன் சங்கர் ஒருவர் என்றும் சொன்னேன். அதில் அவளுக்கு அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. 'ஆறு வயசுப் பசங்களுக்கு ஹேண்ட் ஊதணுமா, வேணாமா?' என்றாள். 'நீங்க ஆரம்பத்துல என்ன பேசி வச்சீங்க?' என்று கேட்டேன். யோசித்தாள். 'ஒரு தடவை விடலாம்னு பேசினோம்' என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.